பல் டாக்டருக்கு ஏன் கழுத்து வலிக்கு? வெவகாரம் கழுத்துல இல்ல, கண்ணுல

எங்க மைனி பல் டாக்டர். வண்ணார்பேட்டை பக்கம் சின்ன கிளினிக், ஒரே ஒரு சேர், ஒரு அசிஸ்டென்ட் பிள்ளை, சாயங்காலம் 5 மணிக்கு மேல கூட்டம். போன ஆடி மாசம் ஒருநா ராத்திரி சாப்பிட உக்காந்தவிய தட்டைப் பாத்து குனிய முடியாம, நேரா செவத்தைப் பாத்துகிட்டே தோசையப் பிச்சுச் சாப்பிட்டாவ. வீட்டுல ஆளாளுக்கு ஒரு வைத்தியம். எங்க அம்மா "வாயுப்புடிப்புதாம்மா, பூண்டு ரசம் வச்சுத் தாரேன்"ன்னா. அண்ணன் தலகாணிய மாத்தச் சொன்னான். பக்கத்து வீட்டு ஆச்சி ஏசி காத்து கழுத்துல எறங்கியிருக்கும்னு சுக்கை அரைச்சு எடுத்துட்டே வந்துட்டாவ. எக்ஸ்ரே எடுத்த எடத்துல "தேய்மானம் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டாங்க, அதுல இருந்து மைனிக்கு வலிய விட பயம் ஜாஸ்தி. இது எல்லாத்துக்கும் மேல, வீட்டுக்கு வந்த மாமா ஒருத்தர் "நாள் பூரா உக்காந்து பாக்க வேலைதான, இதுல வலிக்க என்ன இருக்கு, நாங்கல்லாம் வயல்ல"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, அன்னைக்கிதான் இதை எழுதிரணும்னு தோணிச்சு.

நான் பாளையங்கோட்டையில பிசியோதெரபி பண்ணுதேன். எங்கிட்ட வாரவங்கள்ல பல் டாக்டர்மாரு எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்ல. உலகம் பூரா இதே கதைதான். 2009ல பல ஆய்வுகளை ஒண்ணு சேத்துப் பாத்தப்போ பல் மருத்துவத் துறையில இருக்கவங்கள்ல 64 சதவீதத்துல இருந்து 93 சதவீதம் வரைக்கும் தசை, மூட்டு வலி சொல்லியிருக்காங்க. அதாவது வலி இல்லாத ஆளத்தான் தேடிப் பிடிக்கணும். டாக்டர்களுக்கு முதுகும் கழுத்தும், பல் சுத்தம் பண்ணுத வேலையையே முழுநேரமா பாக்கவங்களுக்கு கையும் மணிக்கட்டும்.

அப்போ மாமா கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். கனம் தூக்கல, ஓடல, ஆடல. பெறகு எங்க இருந்து வருது வலி?

அசையாம இருக்கதும் வேலைதான்

ஒரு சொம்பு நெறைய தண்ணி எடுங்க. கைய தோளுக்கு நேரா முன்னாடி நீட்டி அப்பிடியே புடிச்சுகிட்டு நில்லுங்க. கொஞ்ச நேரத்துல தோள் எரியும், கை நடுங்கும். இப்ப கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு அதே சொம்ப மேலயும் கீழயுமா ஏத்தி எறக்கிப் பாருங்க, இன்னும் ரொம்ப நேரம் தாங்குவீங்க. சொம்பும் அதேதான், தண்ணியும் அதேதான், கையும் உங்க கைதான். என்ன மாறிச்சு?

தசைக்குள்ள மெல்லிசு மெல்லிசா ரத்தக்குழாய் ஓடுது. தசை சுருங்கும்போது அது நெரிபடும், தளரும்போது ரத்தம் பாஞ்சு வரும். நம்ம பாளையங்கால்வாய்ல மடைப் பலகைய எறக்கி ஏத்துத மாதிரின்னு வச்சுக்கோங்க. நடக்கும்போது, கிண்டும்போது, தொவைக்கும்போது பலகை ஏறி எறங்கிகிட்டே இருக்கும், வயலுக்குத் தண்ணி போய்கிட்டே இருக்கும். அசையாம ஒரே மாதிரி புடிச்சுகிட்டு இருந்தா பலகை பாதி எறங்குன மேனிக்கே நின்னுரும். முழுசா அடைக்கல, ஆனா வேணுங்கிற அளவு தண்ணியும் போகல. உள்ள ஆக்சிஜன் கொறையும், தசை எரிச்ச சக்தியோட கழிவு அங்கனயே தேங்கும், அந்தத் தேக்கம்தான் எரிச்சலா, கடுப்பா தெரியுது. இப்பிடி அசையாம தாங்கிகிட்டே இருக்க சுமைக்கு நிலைச்சுமைன்னு பேரு. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வார்த்தைய ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்கோங்க.

இதுல ஏமாத்து வேலை என்னன்னா, நிலைச்சுமை பெருசா இருக்கணும்னு இல்ல. தசையோட முழுப் பலத்துல பத்துல ஒரு பங்குதான் போடுதோம்னு வைங்க, செய்யும்போது ஒண்ணுமே தெரியாது, ஆனா விடாம மணிக்கணக்கா போட்டா அதுவும் களைக்கும். ஏன்னு கேட்டா ஒரு கருத்து சொல்லுதாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. தசையில எல்லா நாரும் ஒரே நேரத்துல வேலை பாக்காது. லேசான வேலைக்கு சின்ன நார்கள் மொதல்ல எறங்கும், பெரிய நாரெல்லாம் பெரிய வேலைக்குத்தான் எந்திரிக்கும். சின்னது மொதல்ல வந்து கடைசியாத்தான் போகும். கல்யாண வீட்டுல மொத ஆளா வந்து காய் நறுக்கி, எல்லாரும் போன பெறகு அண்டா கழுவிட்டு கடைசி ஆளா போற சித்தி ஒருத்தி இருப்பாள்ல, அவதான் அந்தச் சின்ன நாரு. தசை முழுசா தளராத வரைக்கும் அவளுக்கு லீவு கெடையாது.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: கனம் மட்டும் வலிக்குக் காரணம் இல்ல. லேசா இருந்தாலும் விடாம புடிச்சுகிட்டு இருந்தா தசைக்கு ரத்தமும் ஓய்வும் கெடைக்காம வலிக்கும்.

தலை 27 கிலோவா?

வாட்ஸப்ல ஒரு படம் சுத்துது, நீங்களும் பாத்திருப்பீங்க. குனிஞ்சு போன் பாத்தா தலை 27 கிலோ ஆயிரும்னு. மைனியே எனக்கு ரெண்டு தடவ அனுப்பியிருக்காவ.

தலை எப்பவும் கிட்டத்தட்ட 5 கிலோதான். குனிஞ்சா ஏறாது, நிமிந்தா கொறையாது. அந்த 27 எங்க இருந்து வந்துச்சுன்னா, 2014ல ஒரு அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டாரு. தலைய 60 டிகிரி குனிஞ்சா கழுத்தெலும்பு மேல விழுத அழுத்தம் 27 கிலோவுக்குச் சமம்னாரு, 30 டிகிரிக்கு 18 கிலோ. அது உண்மையான கழுத்துல அளந்த அளவு இல்ல, ஒரு மாடலோட கணக்கு. ஆனா அது காட்டுத திசை சரிதான்.

எப்பிடின்னு பாப்போம். 5 கிலோ அரிசிப் பைய நெஞ்சோட அணைச்சுப் புடிச்சா ஒண்ணும் தெரியாது. அதே பைய கைய நீட்டிப் புடிச்சா முதுகெல்லாம் இழுக்கும். அரிசி கூடல, தூரம் கூடிருக்கு. தலை நேரா இருக்கும்போது அது முதுகெலும்புத் தூண் மேல கோபுரக் கலசம் மாதிரி உக்காந்திருக்கும், தசைக்குப் பெரிய வேலை இல்ல. முன்னால குனிஞ்ச ஒடனே கலசம் தூணை விட்டு வெளிய வந்துரும், அது விழுந்துராம பின்கழுத்துத் தசைதான் கயிறு கட்டி இழுக்க மாதிரி இழுத்துப் புடிக்கணும். தசை, கழுத்து வளையுத எடத்துக்கு ரொம்ப கிட்டத்துல நின்னு இழுக்கு, தலையோ தூரத்துல தொங்குது, அதனால தலையோட கனத்தை விட பல மடங்கு பலத்துல இழுக்க வேண்டியிருக்கு. இந்த இழுப்பும் கனமும் சேந்துதான் கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்க வட்டு மேல எறங்குது. வட்டுங்கிறது ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்க மெத்தை.

இப்ப மொதல்ல சொன்ன நிலைச்சுமைய இதோட சேருங்க. குனிஞ்சா தப்பில்ல. கீழ விழுந்த காச எடுக்க குனியுதோம், கோலம் போட குனியுதோம், நிமிந்துருதோம். குனிஞ்ச மேனிக்கே 40 நிமிசம் இருக்கதுதான் வெவகாரம்.

கண்ணு போன எடத்துக்குக் கழுத்து போவுது

சரி, பல் டாக்டர் ஏன் குனியணும், நேரா உக்காந்து பாக்க வேண்டியதுதான? இதத்தான் எல்லாரும் சொல்லுதாங்க, "நிமிந்து உக்காருங்க டாக்டர்"ன்னு. வாய்க்குள்ள வேலை பாத்தவங்களுக்குத்தான் தெரியும் இது எவ்வளவு பெரிய வெட்டி அட்வைஸ்னு.

ஒரு ஆளு வாயத் தொறந்தா மேல, கீழ முன்பல்லுக்கு நடுவுல 4, 5 சென்டிமீட்டர்தான் கெடைக்கும். அதுக்குள்ள நாக்கு, கன்னம், எச்சில், டாக்டரோட ரெண்டு கை, அசிஸ்டென்ட் புடிக்க உறிஞ்சு குழாய். பின்னால இருட்டு. பாக்க வேண்டிய ஓட்டை கடுகு அளவு. அதத் தெளிவா பாக்க கண்ணு ஒரு முழத்துக்குள்ள வந்தாகணும். கண்ணு பக்கத்துல போகணும்னா தலை போகணும், தலை போகணும்னா கழுத்து போகணும், அதுக்கும் பத்தலன்னா இடுப்பு வளையும். மேல் கடவாப் பல்லுன்னா இன்னும் மோசம், அது கூரையில இருந்து தொங்குத பல்லு, அத நேரா பாக்க ஆசப்பட்டா டாக்டரு குனிஞ்சு, கழுத்தை ஒருபக்கமா சாச்சு, கீழ இருந்து எட்டிப் பாக்கணும். கட்டிலுக்கு அடியில போன செருப்பத் தேடுத மாதிரி. அதோட கையில சுத்திகிட்டு இருக்கது நிமிசத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல சுத்துத ஏரோட்டார், அதான் பல்லைக் கொடையுத மெஷின், ஒரு நூல் பெசகுனா நாக்குல பட்டுரும். அதனால மூச்சைக்கூட புடிச்சுகிட்டு தோளை ரெண்டையும் காதுக்குத் தூக்கி இறுக்கி வச்சுகிட்டு வேலை நடக்கும். நான் ஒருநா மைனி கிளினிக்ல ஓரமா உக்காந்து பாத்தேன், ஒரு ரூட் கெனால், 50 நிமிசத்துல அவிய வலது தோள் ஒரு தடவகூட கீழ எறங்கல. அவியகிட்ட கேட்டா "நான் தூக்கவே இல்லியே தம்பி"ங்காவ.

இன்னொண்ணு நம்ம ஊரு சங்கதி. சேரைப் படுக்கையா சாச்சா நம்ம ஆளுக படுக்க மாட்டாங்க. "தல சுத்துது தாயி", "எச்சி தொண்டையில போவுது", "நேரா இருந்தே பாத்துருங்கம்மா"ம்பாவ. சில பேருக்கு அது நெசமான காரணம்தான், மூச்சு வாங்குதவங்க, மாசமா இருந்து நாள் நெருங்குனவங்கள மல்லாக்கப் படுக்க வைக்கப் படாது. மிச்ச பேருக்குக் கூச்சமும் பயமும். டாக்டரும் பாவமேன்னு சேரைப் பாதி நிமித்தி வச்சுகிட்டு தான் வளைஞ்சுக்காவ. ஒரு நாளைக்கு 15 பேருக்கு இப்பிடி மரியாதை குடுத்தா கழுத்து என்ன ஆகும்?

ஆக கழுத்தைக் குனிய வைக்கது கழுத்து இல்ல, கண்ணு. கண்ணுக்கு வழி பண்ணாம கழுத்தை மட்டும் நிமித்தச் சொன்னா, பல்லு தெரியாது, பல்லு தெரியலன்னா ரெண்டு நிமிசத்துல கழுத்து தானா பழைய எடத்துக்குப் போயிரும்.

கையில நடக்க கூத்து

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போனா திண்ணையில பீடித்தட்டை மடியில வச்சுகிட்டு சுத்துத அக்காமார பாத்திருப்பீங்க. தலை குனிஞ்ச மேனிக்கு, கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் மட்டும் ஓடிகிட்டே இருக்கும். அவியளுக்கு வார கழுத்து வலி, வெரல் வலியையும் லட்ச ரூவா சேர்ல உக்காந்திருக்க பல் டாக்டரோட வலியையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கும். தலை குனிவு, அசையாத தோளு, ரெண்டு வெரல் பிடி. இத்தாலியில பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டரு 1700லயே தொழிலாளிகளோட நோய்களப் பத்தி எழுதினவரு, உக்காந்தே வேலை பாக்க தையக்காரங்க, செருப்பு தைக்கவங்க உடம்பு வளைஞ்சு போறதை அப்பவே கவனிச்சுச் சொல்லியிருக்காரு. நம்மதான் இன்னும் வாயுவுலயே நிக்கோம்.

பல்லுல கல்லுமாரி படிஞ்ச காரைய சொரண்டுத கருவிக்கு ஸ்கேலர்னு பேரு. மெல்லிசுக் கம்பி மாதிரி இருக்கும், அத வெரல் நுனியில இறுக்கிப் புடிக்கணும். வெரல் நுனிப் பிடிக்கு முழங்கைப் பக்கத் தசைதான் இழுக்கணும், அந்த இழுப்பு நாண் வழியா மணிக்கட்டைத் தாண்டி வெரலுக்கு வருது. நாண்னா தசையையும் எலும்பையும் சேக்குத கயிறு. மணிக்கட்டுல இதுக்குன்னு ஒரு குகை இருக்கு, அடியிலயும் பக்கத்துலயும் எலும்பு, மேல கெட்டியான ஒரு பட்டை. அதுக்குள்ள 9 நாணும் ஒரு நரம்பும் போவுது. சாயங்காலம் ஜங்ஷன்ல இருந்து தென்காசி போற பஸ்ஸ நெனச்சுக்கோங்க, சும்மாவே நெரிசல். நாண் ஒரசி ஒரசி அதச் சுத்தி இருக்க ஒறை வீங்குனா பஸ்ஸோட தகரம் விரியாது, உள்ள இருக்க நோஞ்சான் ஆளுதான் நசுங்கணும். அந்த நோஞ்சான்தான் நரம்பு. இதுக்குத்தான் கார்ப்பல் டனல்னு சொல்லுதாங்க. கட்டைவெரல், ஆள்காட்டி, நடுவெரல், மோதிரவெரல்ல பாதி மரத்துப் போகும், சுண்டுவெரலுக்கு ஒண்ணும் ஆகாது, ராத்திரி தூக்கத்துல முழிச்சு கைய ஒதறத் தோணும். மணிக்கட்டை வளைச்சுப் புடிச்சா குகை இன்னும் நெருக்கும், இறுக்கிப் புடிச்சா இன்னும்.

இதுல ஒரு லேசான வழி இருக்கு, செலவும் ஜாஸ்தி இல்ல. கருவிக் கைப்பிடி தடிமனாவும் லேசாவும் இருந்தா வெரல் கம்மியா இறுக்கினாப் போதும். சோதிச்சுப் பாத்ததுல 10 மில்லிமீட்டர் தடிமன், 15 கிராம் எடை இருக்க கைப்பிடிக்குத்தான் தசை கம்மியா வேலை பாத்துச்சு. அப்புறம் மொனை மழுங்குன ஸ்கேலர். மழுங்குன அருவாமனையில காய் நறுக்குனா கை என்ன பாடு படும், அதேதான். கையொறையும் அளவு சரியா இருக்கணும், இறுக்கமான கையொறை கட்டைவெரல நாள் பூரா பின்னால இழுத்துகிட்டே இருக்கும்.

தேய்மானம்ங்கிற பூதம்

இதச் சுருக்கமா சொல்லிருதேன், ஏன்னா மைனி இதுக்காகத்தான் ரெண்டு வாரம் தூங்கல. தேய்மானம் நரை மாதிரி. வலியே இல்லாத ஆளுகள ஸ்கேன் எடுத்துப் பாத்த ஆய்வுகளை 2015ல ஒண்ணா தொகுத்தாங்க. இடுப்பு வட்டு தேய்ஞ்சிருந்தவங்க 20 வயசுலயே 37 சதவீதம், 80 வயசுல 96 சதவீதம். திரும்பவும் சொல்லுதேன், இவங்க யாருக்கும் வலி கெடையாது. கழுத்துலயும் வயசாக ஆக இப்பிடித்தான் தெரியும். அதனால படத்துல தேய்மானம் தெரியுதுன்னா வலிக்கு அதுதான் காரணம்னு அர்த்தம் இல்ல, எலும்பு உதுந்து போயிருச்சுன்னு அர்த்தமே இல்ல. கால்சியம் மாத்திரை இதுக்கு மருந்தும் இல்ல.

அப்போ நின்னுகிட்டே பாத்தா?

முந்தி அப்பிடித்தான் பாத்தாங்க. 1950கள் வரைக்கும் பல் டாக்டர்னா நின்னுகிட்டுதான் வேலை, இடுப்பு ஒடிய. 1957ல ஏரோட்டார் வந்துச்சு, அதுக்குப் பிந்தி நோயாளியப் படுக்கப் போட்டு டாக்டர் உக்காந்து, பக்கத்துல அசிஸ்டென்ட் உக்காந்து நாலு கையால பாக்க முறை பரவிச்சு. வலி தீந்துச்சான்னா இல்ல. முன்னாடி ஒரு நிலையில அசையாம நின்னாங்க, இப்ப ஒரு நிலையில அசையாம உக்காந்திருக்காங்க. நிக்கதும் உக்காருததும் மாறி மாறி வந்தா நல்லது, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவி அதுலயே ஒட்டிகிட்டா பிரயோசனம் இல்ல.

மைனி கிளினிக்ல என்ன மாத்துனோம்

மொதல்ல மைனிய விட்டுட்டு சேரைத்தான் பாத்தோம். டாக்டரு தோளைத் தொங்கப் போட்டு, முழங்கைய ஒடம்போட ஒட்டி, கைய மடக்குனா கை எங்க வருதோ அந்த ஒயரத்துல நோயாளியோட வாய் இருக்கணும். வாய் அதுக்கு மேல போச்சுன்னா டாக்டர் தோளு தூக்கும், ரொம்பக் கீழ எறங்குனா முதுகு வளையும். மைனி சேர் 4 வெரக்கடை ஒசரமா இருந்துச்சு, அதான் அந்தத் தோளு. ஸ்டூல் ஒயரத்தை பாதம் ரெண்டும் தரையில முழுசா பதியுத மாதிரி வச்சோம்.

அடுத்தது மேல் பல்லு. நோயாளியப் படுக்கையா சாச்சு, நாடிய மேல தூக்கச் சொல்லி, டாக்டரு தலைமாட்டுக்குப் போயி, கண்ணாடியில பாக்கணும். வாய்க்கண்ணாடி கீழ நிக்க பல்லைக் கண்ணுக்குக் கொண்டுவந்து குடுக்கும், கழுத்து எட்டிப் பாக்க வேண்டாம். காலேஜ்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கதுதான், கூட்டம் வந்தா மறந்துருது, ஏன்னா கண்ணாடியில பாத்து வேலை பாக்கப் பழக நாளாகும், நேரா எட்டிப் பாத்தா ஒடனே முடியும். நோயாளி தலைய இடமோ வலமோ திருப்பச் சொல்லலாம். நாம திரும்புததுக்கு அவிய திரும்புனா என்ன, அவியளுக்கு அரைமணி நேரம், நமக்கு 30 வருசம்.

லூப்ஸ்னு ஒண்ணு இருக்கு, மூக்குக்கண்ணாடியில மாட்டுத பூதக்கண்ணாடி. பெருசா காட்டுததுக்காக மட்டும்னு நெறைய பேரு நெனைக்காங்க. அதோட பெரிய உதவி, சரியான சாய்வுல மாட்டியிருந்தா தலை நிமிந்திருக்கும்போதே பார்வை கீழ போகும். கழுத்து 20 டிகிரிக்குள்ள நின்னுக்கும். சாய்வு தப்பா இருந்தா அதே லூப்ஸ் கழுத்தைப் புடிச்சு கீழ இழுக்கும், அதனால ஆன்லைன்ல ஆஃபர்ல கெடைக்குன்னு வாங்கிராதீங்க, ஆள உக்கார வச்சு வேலை பாக்க தூரத்தை அளந்து செய்யணும். மைனி இன்னும் வாங்கல, வெலையக் கேட்டுட்டு "தீபாவளிக்குப் பாப்போம்"னு இருக்காவ.

காசில்லாதது இடைவெளி. மடைப் பலகைய ஏத்தி விடணும்ல. அதுக்கு தனியா 10 நிமிசம் ஒதுக்கணும்னு இல்ல. கீழ்த் தாடைக்கு ஊசி போட்டா மரக்க 3, 4 நிமிசம் ஆகும், அந்த நேரத்துல எந்திரிச்சு நடங்க. ஃபில்லிங்க லைட் அடிச்சு எறுக வைக்க 20 செகண்ட்ல தோளைக் கீழ விட்டு, நாடிய உள்ள இழுத்து, தோள்பட்டை ரெண்டையும் பின்னால சேத்துட்டு விடுங்க. அரை நிமிசம்னாலும் ரத்தம் பாயும். இதோட வாரத்துல ரெண்டு மூணு நாள் முதுகுத் தசைக்கும் தோளுக்கும் பலப் பயிற்சி. பலமான தசைக்கு அதே வேலை அதோட முழுப் பலத்துல சின்னப் பங்காத்தான் இருக்கும். தைலம் தேச்சா இதமா இருக்கும், வேண்டாங்கல. கழுத்துப் பட்டைய மாசக்கணக்கா மாட்டிகிட்டு திரியாதீங்க, தசை சோம்பேறியாயிரும்.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடப் படாது. கையில பலம் கொறைஞ்சு சாமான் நழுவுது, மரமரப்பு நாளுக்கு நாள் கூடுது, நடை தடுமாறுது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியல, வலியோட காய்ச்சலோ காரணமில்லாம எடை கொறையுததோ இருக்குன்னா, எங்கிட்ட வராதீங்க, சுக்குப் பத்தும் போடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போயிருங்க.

மைனிக்கு இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. வலி முழுசா போகல, வாரக் கடைசியில எட்டிப் பாக்கும், ஆனா தோசையத் தட்டைப் பாத்துதான் சாப்பிடுதாவ. படுக்க மாட்டேங்கிற ஆளுகளுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காவ. துண்டை உருட்டி பெடரிக்கு முட்டுக் குடுத்து, சேரை ஒரேயடியா சாய்க்காம பேச்சுக் குடுத்துகிட்டே கொஞ்சம் கொஞ்சமா சாய்க்காவ. போன வாரம் மேலப்பாளையத்துல இருந்து வந்த தாத்தா ஒருத்தர் மொதல்ல "நேரா இருந்தே பாருங்கம்மா"ன்னு ஒத்தக்கால்ல நின்னவரு, மரக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல வாயத் தொறந்த மேனிக்கே கொறட்டை விட ஆரம்பிச்சுட்டாராம்.